மூன்று முகவரி, ஆறு செயின்: காட்பாடியில் ஒரு கணக்கு வேலை

2025 ஜூலையில் காட்பாடி காந்தி நகரிலிருந்து ஓர் ஆடிட்டர் போன் செய்தார். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்துத் தோல், ஷூ கம்பெனிகளுக்கு இருபது வருடத்துக்கும் மேலாகக் கணக்குப் பார்ப்பவர். இன்வாய்ஸ், ஷிப்பிங் பில், பணம் வந்ததற்கான வங்கிச் சான்று மூன்றையும் மேஜையில் வைத்தால் மளமளவென்று முடித்துவிடுவார். அன்று குரலில் குழப்பம் தெரிந்தது.

"இன்னா தம்பி, ஒரு பையன் வந்து உக்காந்திருக்கான். வெளிநாட்டு வேலை செய்யறானாம். பணம் டாலர்ல வருதாம், பேங்க்ல வரலையாம். எதைக் கேட்டாலும் போன்ல ஒரு லிங்க்கைக் காட்டறான். நீ கொஞ்சம் வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். வேலூரிலேயே இன்ஜினியரிங் முடித்த தம்பி. வெளிநாட்டு கிரிப்டோ புராஜெக்ட்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறான். கூலி யூஎஸ்டிடி அல்லது யூஎஸ்டிசி, அதாவது டாலர் மதிப்பில் நிற்கும் ஸ்டேபிள்காயின். அனுப்புகிறவருக்கு எந்த நெட்வொர்க் வசதியோ அதில் அனுப்புவார். அப்படியே இரண்டு வருடத்தில் ஆறு நெட்வொர்க்கில் (பிளாக்செயின், சுருக்கமாகச் செயின்) பணம் பரவிவிட்டது: எத்தீரியம், பாலிகான், ஆர்பிட்ரம், பிஎன்பி செயின், ட்ரான், சொலானா. முதல் நான்குக்கும் ஒரே முகவரி (வங்கிக் கணக்கு எண் மாதிரி). ட்ரானுக்கு ஒன்று, சொலானாவுக்கு ஒன்று.

வரி விஷயத்தில் 'மொத்தமாக இவ்வளவு வந்தது' என்று எழுதி முடிக்க முடியாது. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ விற்ற லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ். ஒரு டோக்கனில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கக் கூடாது. படிவத்தில் இதற்கென்றே ஓர் அட்டவணை உண்டு. வாங்கிய தேதி, கைமாற்றிய தேதி, அடக்க விலை, கிடைத்த தொகை என்று ஒவ்வொரு கைமாற்றமும் தனி வரியாக வர வேண்டும். சட்டத்தை எப்படிப் பொருத்துவது என்பதை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். அவருக்குத் தேவை நம்பகமான வரிகள். அவற்றை எடுத்துத் தருவது என் வேலை.

அலுவலகத்தில் உதவியாக இருக்கும் பெண் ஏற்கெனவே இரண்டு நாள் முயன்றிருந்தார். ஆறு நெட்வொர்க்குக்கும் அதன் பதிவுகளைத் தேடிப் பார்க்க ஆறு எக்ஸ்ப்ளோரர் தளம், ஆறு விதமான எக்செல். ஒன்றில் தேதி முதலில், இன்னொன்றில் பிளாக் எண் முதலில் (பரிவர்த்தனைகள் தொகுதி தொகுதியாகப் பதிவாகும், ஒரு தொகுதி ஒரு பிளாக்). தம்பிதான் கேட்டான்: "அண்ணா, ஏஐ ஏஜென்ட் கையில குடுத்தா முடிச்சிடாதா?" நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏஜென்ட் என்றால், ஓர் ஏஐ மாடல் தானே டூல்களை அழைத்து வேலையை முடிக்கும் அமைப்பு. அந்த வருடம் தாக்கலின் கடைசித் தேதி ஜூலை 31-லிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளிப்போயிருந்ததால் முயன்று பார்க்க நேரமும் இருந்தது.

முதலில் ஒரு காரியத்தைத் தடுக்க வேண்டியிருந்தது. "அண்ணா, வாலட்டோட பன்னண்டு வார்த்தையையும் வாட்ஸ்அப்ல அனுப்பிடட்டுமா?" என்றான் தம்பி. அந்த வார்த்தைகள் பணப்பெட்டியின் சாவி. செயினில் இருக்கும் கணக்கைப் படிக்க முகவரி மட்டும் போதும், ஏனென்றால் அது எல்லோருக்கும் திறந்த பதிவேடு. படிக்கிற வேலைக்குச் சாவி கேட்கும் எந்த ஏஜென்டையும் நம்ப வேண்டாம் என்று அவனிடம் சொன்னேன். கடைசி வரை எங்கள் ஏஜென்டின் கையில் ஒரு சாவியும் இருக்கவில்லை.

முதல் அமைப்பு

செயினின் பதிவேட்டை வைத்திருக்கும் நோடு என்ற கணினிகளோடு பேசும் மொழி பெரும்பாலும் ஜேசான்-ஆர்பிசி. மாடலுக்கும் வெளி டூல்களுக்கும் நடுவே பொதுவான ஒரு பேச்சுமுறை வேண்டும் என்று 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் எம்சிபி என்ற நெறிமுறையைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அதை வைத்து ஒரு சின்ன சர்வர் எழுதினேன். ஆறு நெட்வொர்க்குக்கும் நோடு இணைப்பு கொடுத்து, எந்தச் செயினிலும் எதை வேண்டுமானாலும் கேட்டுக்கொள் என்று ஏஜென்டை விட்டுவிட்டேன். கதவை அகலத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அங்கேதான் தவறினேன்.

நாலு நிமிடத்தில் அறிக்கை வந்தது. அட்டவணை, மாதவாரிக் கூட்டுத்தொகை எல்லாம் பார்க்க அழகாக இருந்தன. ஆடிட்டர் சிவப்புப் பேனாவை எடுத்து ஏழாவது வரியில் வைத்துக் கேட்டார்: "இது எங்கேருந்து வந்துச்சு?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எந்தச் செயின், எந்த பிளாக், எந்த கான்ட்ராக்ட் (டோக்கனை நடத்தும், செயினிலேயே இருக்கும் நிரல்) என்று ஒன்றும் அந்த வரியில் இல்லை.

அதற்குள் அவர் கண் இன்னொரு வரிக்குப் போயிருந்தது. பிஎன்பி செயினில் வந்த ஒரு தொகை நாலரை கோடி கோடி டாலர் என்று இருந்தது. நிஜத்தில் வந்தது 450 டாலர்.

இந்தப் பிழையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். செயினில் தசமப் புள்ளி கிடையாது. எல்லாம் முழு எண்தான். பைசாவிலேயே எழுதி வைத்த கணக்கு மாதிரி. ஆனால் எத்தனை பைசா சேர்ந்தால் ஒரு ரூபாய் என்பதை அந்தந்த டோக்கனின் கான்ட்ராக்ட் தான் சொல்லும். யூஎஸ்டிடி-க்கு எத்தீரியத்திலும் ட்ரானிலும் புள்ளிக்குப் பின் 6 இலக்கம், பிஎன்பி செயினில் 18 இலக்கம். பெயர் ஒன்று, அளவு வேறு. மாடல் தன் பழக்கத்தில் 6 என்று எடுத்துக்கொண்டு வகுத்துவிட்டது.

சரி, திருத்திவிடலாம் என்று 'யூஎஸ்டிடி-க்கு 18 இலக்கம்' என்று ஏஜென்டுக்கு எழுதிக் கொடுத்தேன். நாலரை கோடி கோடி போய் 450 வந்தது. ஒரு வாரம் கழித்துத் தம்பி அறிக்கையைப் புரட்டிவிட்டுச் சொன்னான்: "அண்ணா, தீபாவளிக்கு முன்னாடி வாங்கின பணம் இதுல காணோமே."

என் திருத்தத்தை ஏஜென்ட் ட்ரானுக்கும் சேர்த்தே பிடித்துக்கொண்டிருந்தது. 6 இலக்கத்தில் இருந்த 1,200 டாலரை 18 இலக்கமாக வகுத்ததில் அது 0.00 ஆகிவிட்டது. கீழே ஒரு குறிப்பு வேறு: 'மிகச் சிறிய தொகைகள், ஸ்பேம் என்று கருதி விடப்பட்டன.' மூன்று மாதக் கூலி இப்படிக் காணாமல் போயிருந்தது. பெரிய எண்ணாக வந்த பிழையை ஆடிட்டர் ஒரே பார்வையில் பிடித்தார். பூஜ்யமாக வந்த பிழையை, பணம் வாங்கியவனே தேடும் வரை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

இல்லை, தெரியவில்லை

அடுத்தது ஆர்பிட்ரம். 2024 ஆகஸ்டில் அந்த நெட்வொர்க்கில் பணம் எதுவும் வரவில்லை என்று ஏஜென்ட் எழுதியிருந்தது. தம்பியின் எக்ஸ்ப்ளோரர் பக்கத்தில் இரண்டு வரவு தெளிவாக நின்றன. என் சர்வரின் லாகை எடுத்துப் பார்த்தேன். ஒரே கேள்வியில் இத்தனை பிளாக்குக்கு மேல் தேடக் கூடாது என்று நோடு சேவைகள் வரம்பு வைப்பது வழக்கம். ஆர்பிட்ரமில் ஒரு நொடிக்குள்ளேயே பல பிளாக் வந்துவிடும் என்பதால் ஒரு மாதத்துக்கே பிளாக் எண்ணிக்கை எக்கச்சக்கம். வரம்பு தாண்டியதும் அந்தச் சேவை பிழைச் செய்தி அனுப்பியது. நான் எழுதிய டூல் அந்தப் பிழையை விழுங்கிவிட்டு வெற்றுப் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தது. வெற்றுப் பட்டியலைப் பார்த்தால் மாடல் வேறு என்ன சொல்லும்? 'இல்லை' என்றது.

இது என் குற்றம், மாடலுடையது அல்ல. இந்த முழு வேலையிலும் என்னை அதிகம் பாதித்தது இதுதான். ஒரு குமாஸ்தா பீரோவைத் திறக்க முடியாமல் திரும்பி வந்து 'பைல் இல்லை சார்' என்று சொன்னால் எத்தனை குடும்பம் அலைய வேண்டியிருக்கும்! பார்த்தேன், இல்லை என்பது ஒன்று. பார்க்க முடியவில்லை என்பது வேறு. அந்த இரண்டும் மாடலுக்கு வெவ்வேறு பதிலாகப் போய்ச் சேராவிட்டால் அது எவ்வளவு கெட்டிக்கார மாடலாக இருந்தும் பயனில்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னும் இரண்டு ஓட்டைகள். சொலானாவில் வாலட்டுக்கு ஒரு முகவரி, அதன் பேரில் ஒவ்வொரு டோக்கனுக்கும் தனித்தனி டோக்கன் அக்கவுன்ட். வாலட் முகவரியை மட்டும் தேடினால் யூஎஸ்டிசி வரவுகள் பல கண்ணில் படாது, அவை டோக்கன் அக்கவுன்டில் போய் விழுந்திருக்கும். இன்னொன்று எத்தீரியத்தில். டோக்கன் கைமாறினால் செயினின் நிகழ்வு லாகில் பதிவு விழும், ஆனால் எத்தீரியத்தின் சொந்தக் காசான ஈதர் கைமாறினால் அப்படி விழாது. ஒரு கிளையன்ட் மல்டிசிக் வாலட்டிலிருந்து (பலர் ஒப்பினால்தான் பணம் நகரும் வாலட், அதுவும் ஒரு கான்ட்ராக்ட்) ஈதராகவே அனுப்பியிருந்தார். அந்தப் பணம் கான்ட்ராக்டின் உள்ளே நடந்த கைமாற்றம் என்பதால் சாதாரணப் பரிவர்த்தனைப் பட்டியலிலும் வரவில்லை. அதைப் பார்க்க, உள்ளே நடந்த படிகளைக் காட்டும் ட்ரேஸ் எடுக்க வேண்டியிருந்தது.

ஊர் பெயர் இல்லாத முகவரி

எத்தீரியம் வகைச் செயின்கள் நான்கிலும் தம்பியின் முகவரி ஒன்றே. ஏஜென்ட் அதனால் அடிக்கடி குழம்பியது. பாலிகானில் நடந்ததை ஆர்பிட்ரமில் நடந்ததாக எழுதியது. ஆடிட்டர் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். "காந்தி நகர், ரெண்டாவது தெரு, ஏழாம் நம்பர்னு மட்டும் எழுதினா கொரியர்காரன் எங்கே போவான்? எந்த ஊர்லதான் காந்தி நகர் இல்லை?" என்றார். செயின் எண் என்பது அந்த ஊர் பெயர்தான். எத்தீரியம் 1, பிஎன்பி 56, பாலிகான் 137, ஆர்பிட்ரம் 42161. இந்த எண் இல்லாமல் ஒரு முகவரியும் ஏஜென்டின் உள்ளே போகக் கூடாது, வெளியே வரவும் கூடாது என்று அன்று முடிவு செய்தோம்.

பாலிகானில் யூஎஸ்டிசி-யே இரண்டு உண்டு. முன்பு எத்தீரியத்திலிருந்து பிரிட்ஜ் (ஒரு செயினிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை நகர்த்தும் வழி) வழியாக வந்தது ஒன்று, 2023 அக்டோபரில் சர்க்கிள் நிறுவனம் நேரடியாக வெளியிட்டது இன்னொன்று. கான்ட்ராக்ட் முகவரி வேறு, டோக்கனும் வேறு. தம்பி பழையதைக் கொடுத்துப் புதியதாக மாற்றிக்கொண்டிருந்தான். பெயர் ஒன்றாக இருக்கவே ஏஜென்ட் இரண்டையும் சேர்த்துவிட்டு அந்த மாற்றத்தையே விட்டுவிட்டது. ஆடிட்டர் அதைத் தனி வரியாகக் காட்டச் சொன்னார். அவருக்கு இது புதிதல்ல. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றானதும் ஆம்பூர் பைல்களில் பாதி 'வேலூர் மாவட்டம்', பாதி 'திருப்பத்தூர் மாவட்டம்' என்று ஆனதைச் சமாளித்தவர்.

பிரிட்ஜில் நடந்தது இதற்கு எதிர்ப்பக்கம். தம்பி பாலிகானிலிருந்து ஆர்பிட்ரமுக்குத் தன் பணத்தையே 500 டாலர் நகர்த்தியிருந்தான். சர்க்கிளின் வழியில் ஒரு பக்கம் டோக்கனை எரித்துவிட்டு மறுபக்கம் புதிதாக வார்ப்பார்கள். அதனால் வந்த பக்கத்தில் அனுப்பியவர் இடத்தில் வெறும் பூஜ்யங்களாலான முகவரி நிற்கும். 'அடையாளம் தெரியாத ஒருவரிடமிருந்து 500 டாலர் வருமானம்' என்று எழுதிவிட்டது ஏஜென்ட். அவன் பணத்துக்கே இரண்டு முறை வரி கட்டியிருப்பான்.

தேதியும் சுலபமில்லை. செயினின் கடிகாரம் உலகப் பொது நேரம். நமக்கு அதிலிருந்து ஐந்தரை மணி நேரம் கூட. மார்ச் 31 இரவு 7.40 என்று பதிவான ஒரு வரவு நமக்கு ஏப்ரல் 1 அதிகாலை 1.10, அதாவது அடுத்த நிதியாண்டு. ஐரோப்பாவில் இருக்கும் கிளையன்ட்கள் மாதக் கடைசி மாலையில் பணம் அனுப்புவது வழக்கம் என்பதால் இது அபூர்வமும் அல்ல.

டோக்கன் பெயரில் வந்த வலை

இதுவரை சொன்னவை எல்லாம் கவனக்குறைவு. இது வேறு ரகம்.

ஆகஸ்ட் முதல் வாரம் வந்த அறிக்கையின் மேலேயே தடித்த எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. 'இந்த வாலட்டுக்கு 3,000 டாலர் பரிசு காத்திருக்கிறது. கீழ்க்கண்ட தளத்தில் வாலட்டை இணைத்து உடனே பெற்றுக்கொள்ளவும்.' கூடவே ஒரு தள முகவரி. அலுவலகத்துப் பெண் அதைப் பார்த்துவிட்டுத் தம்பிக்கு அனுப்பப் போனார். நல்லவேளை, அனுப்புவதற்கு முன் என்னிடம் கேட்டார்: "சார், இது நம்ம ரிப்போர்ட்தானே, அப்ப உண்மைதானே?"

அந்தக் கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது. அவர் நம்பியது முன்பின் தெரியாத ஒரு தளத்தை அல்ல, நாங்கள் செய்து கொடுத்த அறிக்கையை.

நடந்தது இதுதான். யார் வேண்டுமானாலும் ஒரு டோக்கன் உருவாக்கி, கேட்காமலேயே யாருடைய முகவரிக்கும் அனுப்பலாம். டோக்கனுக்குப் பெயராக எதையும் எழுதலாம், ஒரு முழு வாக்கியமாகவே எழுதலாம். பரிசு அறிவிப்பைப் பெயராகச் சூட்டிய குப்பை டோக்கன் ஒன்று தம்பியின் பிஎன்பி முகவரியில் வந்து கிடந்தது. மனிதர் பார்த்தால் ஒதுக்கிவிட்டுப் போயிருப்பார். மாடலுக்கோ நாங்கள் சொன்னதும் எழுத்து, டோக்கன் பெயராக வந்ததும் எழுத்து. எது எஜமானின் சொல், எது ரோட்டில் கிடந்த துண்டுச் சீட்டு என்று பிரித்துப் பார்க்காமல் அது அறிக்கையில் தூக்கி வைத்துவிட்டது. சாவி மட்டும் ஏஜென்டின் கையில் இருந்திருந்தால் அது தானே போய் வாலட்டை இணைத்திருக்கவும் கூடும்.

இதோடு சேர்ந்த இன்னொரு தந்திரம், முகவரி விஷம் என்கிறார்கள். நாம் வழக்கமாகப் பணம் அனுப்பும் முகவரியைப் போலவே முதல் சில எழுத்தும் கடைசிச் சில எழுத்தும் அமைந்த ஒரு முகவரியை உருவாக்கி, அதிலிருந்து பூஜ்யத் தொகையில் ஒரு பதிவை நம் பட்டியலில் விழ வைப்பார்கள். அடுத்த முறை பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுத்தால் பணம் அவர்களுக்குப் போகும். 2024 மே மாதம் ஒருவர் இப்படி சுமார் 6.8 கோடி டாலர் மதிப்புள்ள பிட்காயின் டோக்கன்களைத் தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டார். பிறகு பெரும்பகுதி திரும்பி வந்தது. எங்கள் ஏஜென்டோ இடம் மிச்சம் பிடிக்க எல்லா முகவரிகளையும் முதல் நான்கு எழுத்து, கடைசி நான்கு எழுத்து என்று சுருக்கித்தான் காட்டிக்கொண்டிருந்தது.

மாற்றியது

திறந்து விட்டிருந்த எல்லாவற்றையும் மூடினேன். நோடோடு நேராகப் பேசும் உரிமையை ஏஜென்டிடமிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் ஐந்தே டூல்கள்: முகவரியின் வரவுகள், செலவுகள், ஒரு பரிவர்த்தனையின் விவரம், இருப்பு, பிரிட்ஜ் ஜோடி. ஐந்தும் படிக்க மட்டும்.

எண் கணக்கு மாடலின் கையில் இல்லை. இலக்கத்தைக் கான்ட்ராக்டிலிருந்து படித்து, வகுத்து, இந்திய நேரத்துக்கு மாற்றி, கூட்டிக் கொடுப்பது சாதாரண நிரல். எண்களை எழுத்துச் சரமாகவே அனுப்புகிறேன், ஏனென்றால் 18 இலக்க எண்களை வழக்கமான முறையில் அனுப்பினால் கடைசி இலக்கங்கள் உருமாறிவிடும். மாடல் செய்வது, கேள்வியைப் புரிந்துகொண்டு சரியான டூலை அழைப்பது, வரிகளை இன்வாய்ஸோடு பொருத்துவது, சந்தேகமானதைத் தனியே எடுத்து வைப்பது. அதில் அது உண்மையிலேயே கெட்டி. 'மார்ச் பில்லுக்குப் பாதிப் பணம் ட்ரானிலும் மீதி பாலிகானிலும் வந்திருக்கிறது' என்று அது கண்டுபிடித்ததைக் கையால் தேடியிருந்தால் ஒரு நாள் போயிருக்கும்.

டோக்கன் பெயரைச் செயினிலிருந்து எடுப்பதையே நிறுத்திவிட்டேன். செயின் எண்ணும் கான்ட்ராக்ட் முகவரியும் சேர்ந்த ஒரு பட்டியலை நாங்களே கையால் சரிபார்த்து எழுதினோம், பெயர் அதிலிருந்து மட்டும் வரும். பட்டியலில் இல்லாதது எதுவாயினும் 'தெரியாத டோக்கன், இத்தனை' என்று எண்ணிக்கையாகத்தான் மாடலுக்குப் போகும். அதன் எழுத்து ஒன்றுகூடப் போகாது.

ஒவ்வொரு பதிலோடும் செயின் எண், பிளாக் எண், கான்ட்ராக்ட் முகவரி, பரிவர்த்தனை அடையாளம் நான்கும் முழுதாக வரும். தேடியது எந்த பிளாக்கிலிருந்து எந்த பிளாக் வரை என்பதும் வரும். பாதியில் நின்றால் 'பார்க்க முடியவில்லை' என்று அதே சொல்லில் பதில் போகும், மாடல் அதை மாற்றி எழுதக் கூடாது. 'பணம் வந்துவிட்டதா' என்று இன்றைய நிலையைக் கேட்டால், எத்தீரியத்தில் இனி மாறாது என்று இறுதியான பிளாக் வரைதான் பதில். அதற்குச் சுமார் 13 நிமிடம் பிடிக்கும், பரவாயில்லை.

செப்டம்பர் முதல் வாரம் கடைசி அறிக்கை. ஆடிட்டர் அதே சிவப்புப் பேனாவோடு அங்கங்கே பத்து வரிகளைத் தொட்டார். அலுவலகத்துப் பெண் ஒவ்வொன்றுக்கும் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து காட்டினார். பத்தும் சரி. மூன்று வரிகள் மட்டும் பொருந்தாமல் 'சந்தேகம்' என்ற தலைப்பின் கீழ் நின்றன. இரண்டுக்குத் தம்பி பழைய டெலிகிராம் செய்திகளைத் துழாவி இன்வாய்ஸை எடுத்துக் கொடுத்தான். மூன்றாவது 60 டாலர். யார் அனுப்பியது என்று அவனுக்கும் ஞாபகம் இல்லை. வருமானத்தில் சேர்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டு ஆடிட்டர் பக்கத்திலேயே பேனாவால் எழுதினார்: 'அனுப்பியவர் தெரியவில்லை.'

இப்போது மாதம் 5-ஆம் தேதி அந்தப் பெண்ணே ஏஜென்டை ஓட்டுகிறார். தம்பி ஒவ்வொரு வரவுக்கும் அன்றைக்கே பில் நம்பர் எழுதி அனுப்பிவிடுகிறான். அவன் நண்பர்கள் இரண்டு பேர் தங்கள் முகவரிகளை எழுதிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒருவருக்கு பேஸ் நெட்வொர்க்கிலும் பணம் வருகிறது. அதன் செயின் எண் 8453, கான்ட்ராக்ட் பட்டியலை இந்த வாரம் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்.